யார் யார் தொட்டீர்கள்?

பூசணிப் பிஞ்சைப் பார்த்து விரலை நீட்டினால் அது அழுகிவிடும் என்பது எங்கள் மலைநாட்டில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சராவதிக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒன்பது வயதில் அந்த வேலையைச் செய்தாள். வீட்டுக் கொடியில் இருபது பிஞ்சுகளைப் பொறுக்கி, பத்தின் காம்பில் சிவப்பு நூலைக் கட்டினாள். நூல் கட்டிய பத்தையும் தினமும் காலையில் ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டினாள். மற்ற பத்தின் பக்கம் போகும்போது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அம்மா, விரல் நீட்டினதுல ஆறு அழுகிருச்சு. நீட்டாததுல ஏழு" என்று ஒரு நாள் போய்ச் சொன்னாள்.

பதின்மூன்று காய் போன வயிற்றெரிச்சலில் அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள். நாலு அடி கொடுத்த பிறகுதான் பதிலே சொன்னாள். "கொடி ஒண்ணுதானடி, சனியனே. அதுக்குப் பட்டது இதுக்கும் பட்டிருச்சு."

சராவதி அழுதுகொண்டே யோசித்தாள். அம்மா சொன்னதிலும் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. அடுத்த வருஷம் தனித்தனியாக இரண்டு கொடி போட்டுப் பார்க்கலாம் என்று விதை கேட்டாள். அம்மா தரவில்லை. எங்கள் பக்கத்தில் பல கேள்விகள் இப்படித்தான் விதை கிடைக்காமல் நின்றுபோயின. இன்றைக்கும் பூசணிப் பிஞ்சைக் காட்ட வேண்டியிருந்தால் சராவதி விரலை மடக்கி, முட்டியால்தான் காட்டுவாள். கேட்டால், "பழகிப்போச்சு, விடு தாயே" என்பாள்.

எங்கள் ஊரான ஹலசினகொப்பாவில் முப்பது வீடு. அங்கே மஞ்சப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். மஞ்சப்பா பாக்கு மரம் ஏறுகிறவர். ஒரு மரத்தில் ஏறினால் இறங்காமலே ஆட்டி ஆட்டி அடுத்த மரத்துக்குத் தாவி, தோப்பையே முடித்துவிட்டுக் கீழே வருவார். பேச்சு குறைவு. இவள் கேள்வி கேட்க ஆரம்பித்தால் மட்டும் சிரிப்பார். "நீ கேட்கிறதைக் கேட்டா சௌடம்மாவே ஒரு வாரம் லீவு போட்டுட்டுப் போயிடுவா" என்பார். சௌடம்மா எங்கள் ஊர் எல்லைச் சாமி. நல்லது கெட்டது எல்லாம் அவளிடம் கேட்டுத்தான். குழந்தை கிடையாது என்ற குறையை இருவரும் பெரிதாகப் பேசிக்கொண்டதில்லை. சராவதி அங்கன்வாடியில் கஞ்சி காய்ச்சும் வேலைக்குப் போனாள். ஊர்ப் பிள்ளைகள் முழுக்க அவள் கரண்டியில்தான் வளர்ந்தன.

இவளைச் சாமி நம்பாதவள் என்று யாராவது நினைத்தால் தப்பு. சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு ஒரு பொழுது இருப்பாள். அதனால்தான் அந்த வருஷம் சங்கராந்தி கழிந்த வாரம், தோப்பு ஓரத்தில் ஒரு குரங்கு செத்து விழுந்தபோது முதல் ஆளாக ஓடினாள்.

செத்த பிறகு எங்கள் ஊரில் அதைக் குரங்கு என்று சொல்ல மாட்டார்கள். மாருதி போயிட்டார் என்பார்கள். முந்தின நாள் வாழைத்தாரைத் தின்றதற்காகக் கல்லால் அடித்தவனும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நிற்பான். பலகையில் உட்கார வைத்து, மஞ்சள் நீர் ஊற்றி, சிவப்புத் துணி கட்டி, பஜனை பாடி வீதி முழுக்கத் தூக்கிப் போய் அடக்கம் செய்ய வேண்டும். பதினோராம் நாள் ஊருக்கே சாப்பாடு. அன்று காலை நல்ல பனி. பலகை வரும்வரை மாருதி வெறும் தரையில் கிடப்பதைச் சராவதியால் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடி ஒரு கம்பளியை எடுத்து வந்து அதைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். காரியம் முடிந்ததும் கம்பளியை உதறி, மடித்து, அதன் ஆணியில் மாட்டினாள்.

ஐந்தாம் நாளிலிருந்து ஊரில் காய்ச்சல் விழுந்தது. தலை பிளக்கிற வலி, கண் சிவப்பு, பல் ஈறிலிருந்து ரத்தம். ஆறு பேர் படுத்தார்கள். ஆறு பேரில் சராவதியும் ஒருத்தி, மஞ்சப்பாவும் ஒருவர். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் கிடந்தார்கள். பன்னிரண்டாம் நாள் மஞ்சப்பா போய்விட்டார். பக்கத்துக் கட்டில் காலியாக இருப்பதை அவள் இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்துகொண்டாள். மற்ற ஐந்து பேரும் பிழைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்துச் சௌடம்மா கோயிலில் ஊர் கூடியது. சாமியாடி தீர்த்தப்பா மேல் அம்மா இறங்கினாள். தீர்த்தப்பாவுக்கு அறுபது வயசுக்கு மேலே. அரை ஏக்கர் தோப்பும் மூட்டு வலியும் உடைய சாது மனிதர். அம்மா வந்தால் மட்டும் அந்த மூட்டு வலி எங்கே போகும் என்று தெரியாது. "பதினோராம் நாள் சோறு குறைஞ்சது. பந்தியில பாதிப் பேர் பாதி வயித்தோட எழுந்தாங்க. மாருதி பசியோட போனார்" என்று வாக்கு வந்தது.

ஊருக்கு மூச்சு வந்தது. காரணம் தெரிந்துவிட்டது, அடுத்த தடவை இரண்டு மூட்டை அரிசி போட்டால் போயிற்று. சராவதிக்கும் கொஞ்ச நாள் நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு நாள் அங்கன்வாடியில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியை அப்படியே வைத்துவிட்டுத் தீர்த்தப்பாவின் தோப்புக்குப் போனாள்.

"அண்ணா, சோறு குறைஞ்சது பதினோராம் நாள். அவருக்குக் காய்ச்சல் வந்தது அஞ்சாம் நாள்."

தீர்த்தப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடியே சொன்னார். "குறையப் போகுதுன்னு சாமிக்கு முன்கூட்டியே தெரியாதா, தங்கச்சி?"

"தெரிஞ்சிருந்தா நாலு படி கூடப் போடச் சொல்லியிருக்கலாமே."

அவர் சிரித்துவிட்டார். கோபிக்கவில்லை. அது அவருடைய பெரிய குணம். "உன்னை மஞ்சப்பா எப்படித்தான் சமாளிச்சானோ" என்றார்.

அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று. மாருதியைத் தூக்கியவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, குளிப்பாட்டியவர்களுக்கு வந்தது. சரி. மஞ்சப்பா அன்றைக்கு ஊரிலேயே இல்லை. வேறு ஊரில் பாக்கு இறக்கப் போயிருந்தார், மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினார். தொடவில்லை, தூக்கவில்லை, கண்ணால்கூடப் பார்க்கவில்லை. அவர் வராததால்தான் சாமி அவரையே எடுத்துக்கொண்டது என்று சிலர் சொன்னார்கள்.

பிள்ளைகளின் எடை எழுதும் பழைய பதிவேடு ஒன்று அங்கன்வாடியில் கிடந்தது. பின்பக்கங்கள் காலியாக இருந்த அதை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினாள். அந்த வருஷம் சுற்றுவட்டாரக் காடு முழுக்கக் குரங்குகள் செத்திருந்தன. காய்ச்சல் கண்ட ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்தாள். எங்கே நின்றீர்கள்? எந்தக் கையால் தொட்டீர்கள்? அன்றைக்கு என்ன துணி உடுத்தியிருந்தீர்கள், அதைத் துவைத்தீர்களா? காட்டில் சருகு அள்ளப் போனீர்களா? போனது எந்தப் பக்கம்? காய்ச்சல் வராத வீடுகளிலும் அதே கேள்விகளைக் கேட்டாள். அதுதான் ஊருக்குப் புரியவில்லை.

"எனக்கு ஒண்ணுமே வரலையே, என்னை ஏன் கேட்கிறே?" என்று ஒரு கிழவர் சண்டைக்கு வந்தார்.

"வராதது ஏன்னு தெரிஞ்சாத்தானே மாமா, வந்தது ஏன்னு தெரியும்."

"புருஷன் போனதுல புத்தி கலங்கிருச்சு" என்று அவர் சம்சாரம் உள்ளேயிருந்து சொன்னது இவள் காதில் விழுந்தது. எழுதிக்கொண்டே இருந்தாள். போகும்போது அந்த அம்மாவிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

நாலு மாதம் நடந்தாள். செத்த உடம்பு குளிர்ந்ததும் அதில் இருக்கும் உண்ணிகள் இறங்கிவிடுகின்றன. பக்கத்தில் இருப்பவரை, பக்கத்தில் கிடக்கும் துணியை, சருகைப் பிடித்துக்கொள்கின்றன. கடித்துக் காய்ச்சலைக் கொடுப்பது அவைதான். இதை ஆஸ்பத்திரி டாக்டரும் சொன்னார், அவளுடைய பதிவேடும் சொன்னது. இன்னொன்றும் கிடைத்தது. போன வருஷங்களில் காய்ச்சல் கண்டு பிழைத்து, மறுபடியும் குரங்கைத் தூக்கியவர்கள் பத்தொன்பது பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் இரண்டாம் தரம் வரவில்லை.

"மறுபடி வரவே வராதுன்னு நான் எழுதிக் கொடுக்க முடியாதும்மா. ஆனா வந்து நானும் பார்த்ததில்லை" என்றார் டாக்டர்.

துணி பற்றிய பக்கத்தை அவள் கடைசியில்தான் கூட்டிப் பார்த்தாள். குரங்கின் மேல் பட்ட துணியில் பிறகு படுத்தவர்கள் மூன்று வீடுகளில் மூன்று பேர். மூவருக்கும் காய்ச்சல். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போய் ஆணியைப் பார்த்தாள். அவள் அன்று அவசரத்தில் எடுத்துக்கொண்டு ஓடியது மஞ்சப்பாவின் கம்பளி. மறுநாள் பனியில் வந்தவர் அதைத்தான் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

சோறு குறைந்தது என்றே இருந்திருக்கலாம். ஊரில் யாரும் அவளை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள், அவளும் நிம்மதியாக ஒரு பொழுது இருந்திருக்கலாம். நாலு மாதம் வெயிலில் நடந்து தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொண்டவளை என்னவென்று சொல்வது? என்னைக் கேட்டால், எங்கள் தாலுகாவில் அவ்வளவு நெஞ்சுரம் உள்ள மனுஷர் வேறு யாரையும் நான் பார்த்ததில்லை. அன்றிரவே மஞ்சப்பாவின் பெயரைப் பதிவேட்டில் எழுதினாள். "தொடவில்லை. தூக்கவில்லை. கம்பளி." அதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த சங்கராந்தி வருவதற்கு முன்பே, சௌடம்மா கோயிலுக்குப் பின்னால் பெரிய கடுவன் குரங்கு ஒன்று செத்துக் கிடந்தது. விடிந்ததும் ஊர் திரண்டுவிட்டது. பலகை வந்தது, மஞ்சள் கரைத்தாயிற்று, இந்தத் தடவை அரிசியும் இரண்டு மூட்டை. சராவதி மூச்சிரைக்க ஓடி வந்து, குரங்குக்கு நாற்பது அடி முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"கிட்ட போகாதீங்க. இருக்கிற இடத்துலயே சுள்ளி போட்டு எரிச்சிடலாம்."

ஊர் கொதித்துவிட்டது. பக்கத்து ஊரில் ஒருமுறை ஜீப்பில் வந்த அரசாங்கச் சிப்பந்திகள் மாருதியின் காலில் கயிறு கட்டி இழுத்துப் போய், டயர் போட்டுக் கொளுத்தியதை யாரும் மறக்கவில்லை. அன்றிலிருந்து குரங்கு செத்தால் வெளியே மூச்சு விடுவதில்லை என்று எல்லா ஊரிலும் கட்டுப்பாடு. இவள் அதே நெருப்பைப் பேசினால் யார் விடுவார்கள்?

"அம்மாகிட்ட பூக் கேட்போம்" என்றார் தீர்த்தப்பா. வலது கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சராவதி ஒப்புக்கொண்டாள். அம்மா சிலையின் இரண்டு தோளிலும் ஈரப் பூக்களை ஒட்டி வைத்து, எரிக்கலாமா என்று கேட்டார்கள். வலப்பக்கப் பூ விழுந்தால் உத்தரவு. எல்லோரும் நின்றார்கள். சராவதி கை கூப்பிக்கொண்டு, வாய் முணுமுணுக்க, மற்றவர்களைவிட ஒரு பங்கு அதிகமாகவே வேண்டிக்கொண்டாள். பூ இடப்பக்கம் விழுந்தது.

நான்கு ஆண்கள் வெறும் பலகையை எடுத்துக்கொண்டு குரங்கை நோக்கி நகர்ந்தார்கள். ஒரே நாளில் ஒரே காரியத்துக்கு இரண்டாம் முறை பூக் கேட்கும் வழக்கம் கிடையாது. இனிச் செய்ய ஒன்றுமில்லை. இன்னும் ஐந்து நாளில் எந்தெந்த வீட்டில் பாய் விரிப்பார்கள் என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றாள். சத்தம் போடவில்லை. "போன வருஷம் எங்க வீட்டுக்காரரு மாருதியைத் தொடவே இல்ல. எல்லாருக்கும் தெரியும். சோறு குறைஞ்சதும் காரணம் இல்ல. பனியா இருக்கேன்னு நான் அவரோட கம்பளியை எடுத்துட்டு வந்து சுத்தினேன். திரும்ப மாட்டி வச்சேன். அதைப் போர்த்திட்டுத்தான் தூங்கினாரு. நான்தான் போர்த்தி விட்டேன்."

பலகையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவன் அதை மெல்லக் கீழே வைத்தான்.

"பக்தியாத்தான் செஞ்சேன். நீங்களும் அப்படித்தான் செய்வீங்க. எரிக்க வேண்டாம்னு அம்மா சொல்லிட்டா, சரி, எரிக்க வேண்டாம். குளிப்பாட்டுறதை நாங்க செய்றோம், தூக்குறதையும் நாங்க செய்றோம். போன வருஷம் காய்ச்சல் கண்டு பிழைச்ச அஞ்சு பேரு. எங்களுக்கு மறுபடி வராது. நீங்க தள்ளி நின்னு பஜனை பாடுங்க."

"நிச்சயமா வராதா?" என்றார் தீர்த்தப்பா.

"பத்தொன்பது பேரைக் கேட்டிருக்கேன். ஒருத்தருக்கும் வரலை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இருபதாவது ஆளுக்கு வராதுன்னு எனக்குத் தெரியாது. அதனாலதான் நான் முதல்ல தூக்குறேன்."

"பொம்பளைங்க தூக்குறதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தீர்த்தப்பா திரும்பிப் பார்த்தார். "காய்ச்சல் என்ன ஆம்பளை பொம்பளை பார்த்தா வந்துச்சு?" பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "அம்மாகிட்ட நாம கேட்டது எரிக்கலாமான்னு. வேண்டாம்னுட்டா. யாரு தூக்கணும்னு நாம கேட்கவே இல்லையே. மாருதி ஏற்கெனவே தொட்டுப் பார்த்து, வேண்டாம்னு திருப்பி அனுப்பின அஞ்சு பேரு இவங்க. இவங்க தூக்காம வேற யாரு தூக்குறது?"

ஒரே காரியத்துக்கு இரண்டு காரணம். அவள் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாள், இவர் வானத்தைப் பார்த்துச் சொன்னார். ஊருக்கு எது பிடித்ததோ அதை எடுத்துக்கொண்டது.

ஐந்து பேரும் போனார்கள். சராவதியும் பக்கத்து வீட்டு ஜலஜாவும் மூன்று ஆண்களும். குளிப்பாட்டி, சிவப்புத் துணி கட்டி, வீதி வழியாகப் போகாமல் ஓடைக்கரை வழியாகச் சுற்றித் தூக்கிப் போனார்கள். நாற்பது அடி தள்ளி ஊர் முழுக்க பஜனை பாடிக்கொண்டே வந்தது. இடுப்பளவு ஆழக் குழி. குரங்கு கிடந்த இடம் முழுக்க டாக்டர் கொடுத்திருந்த மருந்துப்பொடி. சாவுத் தீட்டுக்குக் குளிக்கும் வழக்கம் எங்களுக்கு ஏற்கெனவே உண்டு. அதையே கொஞ்சம் கூட்டி, ஓடைக்கரையிலேயே வெந்நீர் வைத்துக் குளித்தார்கள். உடுத்தியிருந்த துணிகளை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள்.

பிறகு நாளை எண்ணினாள். தினமும் காலையில் முப்பது வீட்டு வாசலிலும் போய் நின்று, "எல்லாரும் எழுந்தாச்சா?" என்று கேட்டாள். ஐந்தாம் நாள் எல்லோரும் எழுந்தார்கள். ஆறாம் நாள் தீர்த்தப்பா எழுந்திருக்கவில்லை.

அவர் தள்ளித்தானே நின்றார்? கிட்டே வரவே இல்லையே? எங்கே கணக்குத் தப்பியது என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் முழுக்க அதே யோசனை. வேறு யாருக்கும் இல்லை, இவருக்கு மட்டும் எப்படி?

பத்து நாள் இழுத்தது. பதினோராம் நாள் காய்ச்சல் இறங்கி, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து அரிசிக் கஞ்சி குடித்தார். சராவதிதான் காய்ச்சிக் கொண்டுபோயிருந்தாள். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. பிழைத்துவிடுவார் என்றார் டாக்டர்.

"உன் கணக்கு தப்பலை, தங்கச்சி" என்றார் தீர்த்தப்பா, கேட்காமலே. "எழுது. அன்னைக்கு விளக்கு வைக்க நான்தான் முதல்ல கோயிலுக்குப் போனேன். பின்னால மாருதி கிடந்தார். கண்ணு திறந்திருந்தது. அப்படியே விட்டுட்டு வர மனசு வரலை. மூடி விட்டேன். பக்கத்துல கொஞ்ச நேரம் உட்கார்ந்தும் இருந்தேன்."

"ஊர்ல சொல்லலையே."

"நீ பேசினப்புறம்தான் நான் என்ன பண்ணியிருக்கேன்னே எனக்குத் தெரிஞ்சுது. நான் தொட்டுட்டேன்னு சொன்னா, சாமியாடியே தொட்டாரு, நமக்கென்னன்னு எல்லாரும் போயிருப்பாங்க. அதான் வாயை மூடிட்டுப் போய் வெந்நீர்ல குளிச்சேன். லேட்டாயிடுச்சு."

அவள் பதிவேட்டைப் பையிலிருந்து எடுத்தாள். பிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் அவர். "சோறு குறைஞ்சதுன்னு அன்னைக்கு வாக்கு வந்துச்சே, அம்மா இறங்கினா வாய்ல என்ன வருதுன்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லலை, சத்தியமா தெரியாது. ஆனா அம்மா போனப்புறம் ஜனங்க சொல்லக் கேட்டதும், அப்பாடான்னு இருந்துச்சு. நீ கம்பளியை உதறி மடிச்சு எடுத்துட்டுப் போனதை நான் பார்த்தேன், தங்கச்சி. மஞ்சப்பா படுத்ததும் எனக்கு என்னமோ அதுதான் ஞாபகம் வந்துட்டே இருந்துச்சு. எதுக்கு எது காரணம்னு எனக்குத் தெரியாது. ஆனா அதை நீ தெரிஞ்சுக்காம இருக்கணும்னு அம்மாகிட்ட தினமும் வேண்டிக்கிட்டேன்."

மஞ்சப்பா போனதிலிருந்து யார் முன்னாலும் அழாதவள், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அங்கேயே அழுதாள். அவர் தடுக்கவில்லை. பதிவேட்டை மட்டும் அவள் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பதிவேட்டைத் திரும்ப வாங்கிப் பிரித்தாள். பென்சிலை எடுத்து, தீர்த்தப்பா என்று எழுதி, தலை நிமிர்ந்தாள்.

"எந்தக் கையால கண்ணை மூடினீங்கண்ணா?"

தீர்த்தப்பா வலது கையைத் தூக்கிக் காட்டினார்.